படத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஓவியர் ஆதிமூலம் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையையும், அதற்கு இந்த இதழில் ஒருவர் 'இதை என் பேரன்கூட வரைவான்' என்று எழுதிய கடிதத்தையும் படித்தேன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. உருவம் எதுவும் இல்லாமல் முழுக்க வண்ணத்தை நம்பி நிற்கிற அவர் படத்தைக் கறுப்பு வெள்ளையில், தீப்பெட்டி அளவுக்குப் போட்டால் யாருக்குத்தான் என்ன தெரியும்? கட்டுரையாளரும் ஆன்மா, பிரபஞ்சம், உள்ளொளி என்று அடுக்கிக்கொண்டே போனாரே தவிர, ஆதிமூலம் கண்ணால் எதைப் பார்த்து அந்த வண்ணங்களுக்குப் போய்ச் சேர்ந்தார் என்று ஒரு வரி எழுதவில்லை.

1938இல் துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் பிறந்தவர் ஆதிமூலம். 1969இல், காந்தி நூற்றாண்டின்போது அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களைப் பார்த்தவர்கள் அவருக்கு உருவம் வரைய வராது என்று சொல்லவே மாட்டார்கள். எழுத்தாளர் கி.ரா.வின் கரிசல் எழுத்துக்கு அவர் போட்ட படங்களை எங்கள் பக்கத்து ஆட்கள் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட கைதான் பிறகு மனிதர்களையும் ராஜாக்களையும் விட்டுவிட்டு வெறும் வண்ணத்துக்குப் போனது. எனக்கென்னவோ அந்த வண்ணங்களில் வெயிலும் மண்ணும் வெட்டவெளியும்தான் தெரிகின்றன.

நான் திசையன்விளைக்காரி. இங்கிருந்து திருச்செந்தூர்ப் பக்கம் போகிற வழியெல்லாம் தேரி, அதாவது செம்மணல் மேடு. மணல் துகள் ஒவ்வொன்றின் மேலும் இரும்புச்சத்து படிந்திருப்பதால்தான் அந்தச் செவப்பு. உச்சி வெயிலில் காவியாக வெளுத்துக் கிடக்கும், மழை விழுந்தால் கருஞ்சிவப்பாகும், சாயங்காலம் என்ன நிறம் என்று சொல்ல எனக்கு வார்த்தை கிடையாது. ஆடியில் கச்சான் காற்று அடிக்க ஆரம்பித்தால் மணல் அலை அலையாக வரி போட்டுக்கொண்டே நகரும், போன வருஷம் ஆள் உயரம் நின்ற வடலிப் பனை இந்த வருஷம் இடுப்பளவு புதைந்து கிடக்கும். கீழே பாதி செவப்பு, மேலே பாதி நீலம், நடுவில் பனை ஒரு கோடு. இதை உள்ளது உள்ளபடி வரைந்து சென்னையில் மாட்டினாலே 'மாடர்ன் ஆர்ட், புரியவில்லை' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்!

மாண்ட்ரியன் என்கிற டச்சு ஓவியர் வெறும் கட்டமும் கோடுமாக வரைந்து பெயர் வாங்கியவர். ஆனால் அவர் மரத்திலிருந்துதான் கிளம்பினார். முதலில் செக்கச்செவேலென்று ஒரு மரம், பார்த்தாலே மரம் என்று தெரியும். 1911இல் அது சாம்பல் நிறமாகி, கிளையும் கிளைக்கு நடுவில் இருக்கிற வானமும் ஒரே கனமாகிவிடுகின்றன. 1912இல் வரைந்த பூத்த ஆப்பிள் மரத்தில் வளைந்த கோடுகள்தான் மிச்சம். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரும் விளக்கம் சொல்லவே வேண்டாம். நம்ம நாட்டு ஓவியர் எஸ்.எச். ரஸாவும் அப்படித்தான், அப்பா வனத்துறையில் வேலை பார்த்ததால் மத்தியப் பிரதேசக் காட்டோரத்தில் வளர்ந்தவர், பல வருஷம் ஊர்களையும் நிலக்காட்சிகளையும் வரைந்த பிறகுதான் 'பிந்து' என்று அவர் வரைந்த அந்தக் கறுப்பு வட்டத்துக்கு வந்தார்.

அப்புறம், புரியவில்லை என்கிறவர்கள் வீட்டில் பத்தமடைப் பாய் இருக்கத்தானே செய்கிறது? அந்தக் கோரைப் பட்டைக்கும் கட்டத்துக்கும் அர்த்தம் கேட்டா வாங்கினார்கள்? கண்ணுக்குப் பிடித்தது, வாங்கினார்கள். ஓவியத்துக்கு மட்டும் ஏன் இந்தப் பரீட்சை என்று தெரியவில்லை.

சரி, நான் கேட்பது இதுதான். அடுத்த முறை இப்படி உருவமில்லாமல் வரைகிற அரூப ஓவியர் யாரைப் பற்றி எழுதினாலும் அவருடைய ஆரம்பகால நிலக்காட்சி ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று வரிசையாக நடுப்பக்கத்தில் வண்ணத்தில் போடுங்கள், கட்டுரை அரைப் பக்கம் குறைந்தாலும் குறையட்டும். வழுவழுத் தாளுக்காக விலையில் இரண்டு ரூபாய் கூட்டினால்கூட நான் சந்தாவை நிறுத்த மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திசையன்விளை