கணினி வட்டம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் ஐயா அவர்களே, செயற்குழு நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். நம் குடியிருப்போர் சங்கத்தின் கணினி வட்டம் கடந்த ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை செய்தவற்றைச் செயலாளர் என்ற முறையில் வாசிக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நம் கையிருப்பைப் பார்த்தால் அதற்கு அதிக நேரம் ஆகாது.

வழக்கமான சங்கதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். மூத்தவர்களுக்கான கைப்பேசி வகுப்பு தொடர்ந்து நடந்தது. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்பதை இன்னும் பல வருடம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் போலிருக்கிறது. நவம்பர் 30 அன்று நடக்க வேண்டிய கூட்டம் ஃபெஞ்சல் புயல் மழையால் தள்ளிப்போனது. புத்தக அலமாரிக்கு இன்னும் கதவு போடவில்லை.

ஆண்டு முழுக்க நம்மைப் பிடித்துக்கொண்டது விருது விஷயம்தான். கணினித் துறையின் முன்னோடிகளை உலகம் எப்படிக் கௌரவிக்கிறது என்று ஒரு தொடர் பேச்சு வைப்பது, அதன் முடிவில் நம் வட்டாரத்திலேயே ஒருவருக்கு விருது கொடுப்பது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். பேச்சு சுலபமாக நடந்தது. விருதுக்குத்தான் ஏகப்பட்ட ரகளை.

முதல் பேச்சு, கணினித் துறையின் மிக உயர்ந்த விருதாக மதிக்கப்படும் டூரிங் விருது பற்றியது. ஏசிஎம் என்ற அமெரிக்க அமைப்பு 1966 முதல் கொடுத்து வருகிறது. இப்போது பரிசுத் தொகை பத்து லட்சம் டாலர். 1994இல் இதை எட்வர்ட் ஃபைகன்பாமோடு பகிர்ந்துகொண்ட ராஜ் ரெட்டி, கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958இல் பட்டம் வாங்கியவர். படித்ததோ சிவில் இன்ஜினியரிங்! பிறகு ஸ்டான்ஃபோர்டு போய், மனிதர் பேசுவதை இயந்திரத்துக்குப் புரியவைக்கும் ஆராய்ச்சியில் இறங்கினார். மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் டிஃப்ராக் கணினியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய ஆர். நரசிம்மனும் கிண்டிக்காரர்தான். 1960இல் முழுமையாக இயங்கத் தொடங்கிய அந்த இயந்திரத்தில் சுமார் 2,700 வால்வுகள். நினைவகம் 2,048 சொற்கள்தான், அதாவது எண்களை வைக்க அவ்வளவு இடம்தான். அவருக்கு 1977இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அன்று முதல் வரிசையில் இருந்த கிண்டி பழைய மாணவர்கள் இருவரும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டதைக் குறிப்பில் ஏற்றச் சொன்னார்கள். ஏற்றியாயிற்று.

இந்த மார்ச்சில் ஆண்ட்ரூ பார்ட்டோ, ரிச்சர்ட் சட்டன் இருவருக்கும் 2024ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அறிவிக்கப்பட்டது. சரியாகச் செய்தால் பரிசு, இல்லாவிட்டால் கிடையாது என்று இயந்திரத்தைத் தானாகக் கற்கவைக்கும் முறைக்காக. அவர்கள் அதற்கு அடித்தளம் போட்டது 1980களில். இத்தனை தாமதமா என்று ஒருவர் கேட்டார். தாமதத்தையே விதியாக வைத்திருக்கும் விருதும் உண்டு. ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் கணினிச் சங்கம் 1981இல் தொடங்கிய கணினி முன்னோடி விருதுக்கு, செய்த வேலை குறைந்தது 15 ஆண்டு பழையதாக இருக்க வேண்டும். அன்றன்றைய பரபரப்பு அடங்கி, எது நிற்கிறது என்று பார்த்துக் கொடுப்பது. நம் விருதுக்கும் இந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று பொங்கலுக்கு முன்பே பேசியபோது செயற்குழு ஒரே குரலில் சரி என்றது. அந்தக் குழுவில் இது அபூர்வம்.

அந்த ஒற்றுமை அடுத்த கூட்டம் வரைகூடத் தாங்கவில்லை. மென்பொருள் நிறுவனம் நடத்தும் நம் பகுதிப் பிரமுகர் ஒருவருக்கே முதல் விருது, மண்டப வாடகையும் அவரே தருவார் என்று ஒரு தரப்பு. விருது வாங்குகிறவரே செலவு செய்தால் அதற்குப் பெயர் வேறு என்று இன்னொரு தரப்பு. நான் இரண்டாவது கட்சி என்பதை மறைக்கப் போவதில்லை.

முடிச்சை அவிழ்த்தது, ஆரம்பகால மின்னணுக் கணினியான எனியாக் பற்றிய பேச்சு. 1946 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவில் எனியாக்கை உலகத்துக்குக் காட்டினார்கள். அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். செயல்விளக்கத்தில் ஓடிய கணக்கை அமைத்தவர்கள் பெட்டி ஹோல்பர்டனும் ஜீன் பார்ட்டிக்கும். அன்றிரவு நடந்த விருந்துக்கு அந்தப் பெண்களை அழைக்கவில்லை. இயந்திரத்தை வடிவமைத்த எக்கர்ட், மாக்லி பெயரில் 1979 முதலே ஒரு விருது இருக்கிறது. ஹோல்பர்டனுக்கு முன்னோடி விருது கிடைத்தது 1997இல், பார்ட்டிக்குக்கு 2008இல். அந்த முன்னோடி விருதே இப்போது எனியாக் பெண்களின் பெயரில் வழங்கப்படுகிறது.

பேச்சு முடிந்ததும் பின்வரிசையில் இருந்து ஒரு அம்மா எழுந்து, "நாங்களும் பஞ்ச் ஆபரேட்டர்தானே சார்" என்றார். எழுபதுகளில் பஞ்ச் கார்டு அறையில் வேலை பார்த்தவர். அப்போது கணினிக்குத் தகவல் போனது துளை போட்ட இந்த அட்டைகள் வழியாகத்தான். ஒரு கார்டில் 80 பத்தி, 12 வரிசை. ஒருவர் துளை போடுவார். அதே கார்டை இன்னொருவர் வெரிஃபையர் என்ற சரிபார்க்கும் இயந்திரத்தில் வைத்து, அதே தகவலை முதலிலிருந்து மறுபடி அடிப்பார். துளையும் அடித்ததும் ஒத்துப்போகாவிட்டால் இயந்திரம் நின்றுவிடும், சரியான கார்டின் ஓரத்தில் ஒரு வெட்டு விழும். சம்பளப் பட்டியல், தேர்வு முடிவு, மின் கட்டணம் எல்லாம் இப்படி இரண்டு முறை விரல்களைக் கடந்துதான் கணினிக்குள் போயின. கார்டுக் கட்டு கீழே விழுந்து வரிசை கலைந்தால் அன்று பகல் சாப்பாடு கிடையாது என்று அவர் சொன்னபோது, அதே வேலை பார்த்த இன்னும் இரண்டு அம்மாக்கள் ஆமாம் போட்டார்கள். மூவரும் நம் தெருக்காரர்கள், வருடக்கணக்காக நம் கூட்டத்துக்கு வருகிறவர்கள்.

முதல் விருது அந்த மூவருக்கும். பொங்கல் விழா மேடையில் பொன்னாடையும் கேடயமும் கொடுத்தோம். பிரமுகர் தரப்பில் சிலர் வரவில்லை, வந்தவர்கள் நன்றாகவே கைதட்டினார்கள். மண்டப வாடகைக்குச் சந்தா பிரித்தோம்.

அடுத்த ஆண்டு விருது தமிழ்க் கணிமைக்கு, அதாவது கணினியில் தமிழைப் புழங்கவைத்த வேலைக்கு என்று பேச்சு. தமிழக அரசு முதலமைச்சர் கணினித் தமிழ் விருது கொடுக்கிறது, கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் சுந்தர ராமசாமி பெயரில் கணிமை விருது கொடுக்கிறது. 1999 பிப்ரவரியில் இதே சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து தமிழ் 99 விசைப்பலகை பிறந்தது. அந்த முயற்சியில் முன்நின்ற, அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன் 2021இல் மறைந்தார். பெரிய பெயர்களைப் பெரிய அமைப்புகள் பார்த்துக்கொள்ளும். ஆளுக்கொரு எழுத்துருவாக இருந்த காலத்தில் டிடிபி மையங்களில் உட்கார்ந்து, ஒன்றில் அடித்தது இன்னொன்றில் குப்பையாகத் தெரிய, திரும்பத் திரும்ப அடித்துக் கொடுத்தவர்கள் திருவல்லிக்கேணியிலும் ராயப்பேட்டையிலும் நிறையப் பேர். அவர்களில் நமக்குத் தெரிந்தவர் யார் என்று யோசியுங்கள்.

பரிந்துரைகளை ஜூலைக்குள் எழுத்தில் கொடுக்கவும். வேலை 15 ஆண்டு பழையதாக இருக்க வேண்டும், பரிந்துரைப்பவர் உறவினராக இருக்கக் கூடாது. இரண்டாவது விதி இந்த ஆண்டு வந்த சில கடிதங்களைப் பார்த்த பிறகு சேர்த்தது.

இப்படிக்கு,
செயலாளர்
சென்னை