இந்த ஜூனில் சாப்பாட்டுப் பை ஏன் இல்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பள்ளி திறக்கும் நேரத்தில் எங்களிடம் மொத்தமாக நோட்டு வாங்குகிறவர்களுக்குச் சாப்பாட்டுப் பை ஒன்று இலவசமாகக் கொடுத்துவந்தோம். இந்த ஆண்டு அது இல்லை. அதற்கு ஒதுக்கிவந்த பணத்தை வேறொரு காரியத்துக்குத் திருப்பியிருக்கிறோம். அங்கன்வாடிப் பணியாளர்கள், மாலையில் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பவர்கள், ஊர்ப்புற நூலகர்கள், காசு வாங்காமல் கபடியும் சிலம்பமும் பழக்குகிறவர்கள் ஆகியோர் பிள்ளைகளுக்காக வாங்கும் பொருள்களை இனிக் கொள்முதல் விலைக்கே தருகிறோம். உங்களில் பலர் கல்லாவில் நின்று காரணம் கேட்டீர்கள். கூட்டத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

யார் யாருக்காக வாங்குகிறார்கள் என்பது எழுதுபொருள் கடைக்காரனுக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். சொந்தப் பிள்ளைக்கு வாங்குகிறவர் ஒரு பெட்டி கிரேயான் கேட்பார். ஊர்ப் பிள்ளைகளுக்கு வாங்குகிறவர் சிலேட்டு, சிலேட்டுக்குச்சி, சார்ட் அட்டை, வண்ணத்தாள், பசை என்று மேசையில் அடுக்குவார். பிறகு மனத்துக்குள் கூட்டிப் பார்த்து, ஒன்றிரண்டைத் திருப்பி வைப்பார். பில் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பார். அந்தப் பணத்தை அவருக்குத் திருப்பித் தர யாரும் இல்லை. அவர் திருப்பி வைத்த பொருள்களை மறுபடி அலமாரியில் அடுக்கும்போதெல்லாம் எங்களுக்கு மனம் கேட்டதில்லை.

அங்கன்வாடி அக்காமார்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. இன்று இளம் பெற்றோராக இருக்கும் பலர் அதன் பாயில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தாம். அம்மாவின் இடுப்பைவிட்டு இறங்காத பிள்ளை முதன்முதலாக வேறொருவர் கையைப் பிடித்துக்கொள்வது அங்கேதான். அந்த அக்கா பிள்ளையின் எடையைப் பார்த்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்கிறார். கோடு மேலே ஏறவில்லை என்றால் வீடு தேடி வந்து, பிள்ளை என்ன சாப்பிடுகிறது, வயிற்றுப்போக்கு இருந்ததா என்று விசாரிக்கிறார். சத்துமாவு கொடுப்பதும், கர்ப்பிணிகளின் விவரத்தைப் பதிவேட்டில் எழுதுவதும், சொட்டு மருந்து நாளில் நிற்பதும் அவரே. இவ்வளவுக்கும் நடுவில் கதை சொல்லிப் பாட்டுப் பாடி, சுவரில் ஒட்டுவதற்குத் தன் கையால் யானையும் மாம்பழமும் வரைகிறார். அந்த யானைக்கு வேண்டிய சாம்பல் நிறத் தாளைத்தான் எங்களிடம் கேட்டு வருகிறார்.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பாடம். நடத்தியவர்களில் பெரும்பாலோர் அந்தந்தத் தெருப் பெண்கள். ஊக்கத்தொகை மாதம் 1000 ரூபாய். அந்த ஆயிரத்திலிருந்தே எங்கள் கடையில் சாக்பீஸும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்கினார்கள். எழுத்தை மறந்துபோயிருந்த பிள்ளைகளை மறுபடி வாசிக்க வைத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது.

ஊர்க்காரரே ஊர்க்காரருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது புதுக்கோட்டைக்காரர்களுக்குப் புதிய செய்தி இல்லை. 1991இல் நம் மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கம் நடந்ததை ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். வயல்வேலையும் கல்குவாரி வேலையும் முடித்து வந்த பெண்கள் இரவில் எழுத்துக் கற்றார்கள். கூடவே சைக்கிளும் ஓட்டப் பழகினார்கள். என் அம்மா அவர்களில் ஒருவர். சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அக்கா. அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு போன என்னையும் அவர் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சிலேட்டைக் கையில் கொடுத்தார். பெண்பிள்ளை இப்படிப் படிக்கலாம், இப்படிச் சத்தமாகச் சிரிக்கலாம், இருட்டிய பிறகும் சைக்கிளில் தனியாக வீடு போகலாம் என்பதை நான் முதலில் பார்த்தது அவரிடம்தான். என் மகள்களை நான் வளர்க்கும் விதத்தில் அவருடைய பங்கு இருக்கிறது. பின்னாளில் இந்தக் கடையின் பற்று வரவு நோட்டை அம்மாதான் எழுதினார்.

சலுகையைச் சிலர் தவறாகப் பயன்படுத்த மாட்டார்களா என்று ஒருவர் கேட்டார். யாரிடமும் அடையாள அட்டை கேட்கப்போவதில்லை. எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று மட்டும் கேட்போம். கொடுக்கிற கையை நிறுத்திச் சான்று கேட்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. ஒன்றிரண்டு பேர் ஏமாற்றினாலும் அந்த நட்டம் எங்களுடையது.

உங்களிடம் ஓர் உதவி கேட்கிறோம். உங்கள் தெருவில் இப்படி ஒருவர் இருந்தால் இந்தச் செய்தியை அவரிடம் சொல்லுங்கள். தாமாக வந்து கேட்கக் கூச்சப்படுவார்கள். நீங்களே கூட்டிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது.

மற்றபடி எந்த மாற்றமும் இல்லை. நோட்டுகளின் விலையை இதற்காக ஏற்றவில்லை. அட்டை போட்டு லேபிள் ஒட்டித் தருவதும் வழக்கம்போல் இலவசம். நான்கு கோடு நோட்டும் கட்டம் போட்ட நோட்டும் இந்த வாரம் வந்துவிடும். ஜூன் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் ஊழியர்களும்
புதுக்கோட்டை