காகத்தின் பகையும் குயில் குஞ்சும்

வெள்ளவத்தை

அன்புள்ள மச்சான்,

உன் மெசேஜ்களுக்குப் பதில் போடவில்லை என்று கோபமாக இருப்பாய். திட்டுவதைப் பிறகு திட்டு, முதலில் இதைக் கேள். எங்கள் ஒழுங்கையில் ஒரு காகத்துக்கு என் மேல் பகை.

முனையில் நிற்கும் மாமரம் நினைவிருக்கும். அதிலிருந்த காகக் கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு ஒன்றைப் பூனை பிடிக்காமல் மதிலில் தூக்கி வைத்தேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து கந்தோருக்கு வெளிக்கிட்டால் உச்சந்தலையில் கொத்து. வாச்சரையும் மரக்கறிக்காரரையும் தொடாது, என்னை மட்டும்தான். வெயிலோ மழையோ, குடையோடுதான் போகிறேன். அம்மாவோ சனிக்கிழமை விரதச் சோற்றை அதற்கே வைக்கிறார்!

காகம் முகம் மறக்காது என்பது வெறும் கதையில்லை. சியாட்டிலில் பறவை ஆய்வாளர் ஜான் மார்ஸ்லஃப் 2006இல் முகமூடி போட்டுக்கொண்டு காகங்களைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டார். பிறகு அந்த முகமூடியோடு யார் போனாலும், வருடக்கணக்காகக் கூட்டம் கூடிக் கத்தின. பிடிபடாத காகங்களும் மற்றவற்றைப் பார்த்துப் பழகிக்கொண்டன. அது அமெரிக்கக் காகம். நம்முடையதும் சளைத்ததல்ல.

பகிடி என்னவென்றால், அந்தக் குஞ்சு காகமே இல்லை. இறகில் புள்ளிகளைக் கண்டபோதுதான் விளங்கியது, குயில்! என் முகத்தை மறக்காத காகம், தன் கூட்டிலிருந்த வேற்றுக் குஞ்சை அறியவில்லை. வாய் பிளந்து கத்தினால் ஊட்டு என்பது பிறவிக் கட்டளை. அங்கே புத்திக்கு வேலையில்லை.

ஆனால் என் தூக்கத்தைக் கெடுப்பது குயில்தான். கொன்ராட் லோரன்ஸை, 1973இல் டின்பெர்கனோடும் ஃபிரிஷ்ஷோடும் விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக நோபல் வாங்கியவரை, பொரித்ததும் முதலில் கண்ட வாத்துக் குஞ்சுகள் தாயென்று நினைத்துப் பின்னாலேயே திரிந்தன. குயிலும் அப்படிப் பதித்துக்கொண்டால் காகத்தையே துணை தேடும், வம்சம் அதோடு முடியும். முடியவில்லையே! ஊட்டியது காகம், கூவுவது குயிலாக. எதைப் படிப்பது, எதை விடுவது என்பதும் பிறப்போடு வருகிறது போல. உளவியலாளர் கார்சியா 1966இல் எலிகளில் கண்டதும் இதைத்தான்: குமட்டினால் குடித்த தண்ணீரின் சுவையை வெறுக்கும், கூட வந்த வெளிச்சத்தையும் சத்தத்தையும் அல்ல. மின்சாரம் தாக்கினால் நேர்மாறு. நம் மாஸ்டர், சத்தம் கேட்டதும் எச்சில் ஊறப் பழகிய பாவ்லோவின் நாயோடு பாடத்தை மூடிவிட்டார், பாவி.

எல்லாப் பறவைக்கும் இந்த வரம் இல்லை. கேம்பிரிட்ஜில் தோர்ப் என்ற ஆய்வாளர் 1950களில் சாஃபிஞ்ச் என்ற சின்னப் பாட்டுக் குருவியின் குஞ்சுகளைத் தனியே வளர்த்தார். பெரிய பறவையின் பாட்டைக் கேளாதவை அரைகுறையாகவே பாடின.

கோபிக்காதே மச்சான். போன மாதம் உன் மகனோடு கதைத்தேனே, நான் சொன்னதெல்லாம் அவனுக்கு விளங்கியது, பதில் மட்டும் ஆங்கிலத்தில். தானாக வரும் என்றாய். வராதடா. அவன் குயில் சாதியில்லை, உங்கள் வாயிலிருந்து கேட்டால்தான் உண்டு. நீயும் மனைவியும் சண்டையைக்கூட ஆங்கிலத்தில் பிடிக்கிறீர்கள் என்று குலம் சொன்னான். (அவன் வந்து போனான். அந்தக் காசைப் பற்றி மூச்சு விடவில்லை.)

ஞாயிறு இங்கே இரவு எட்டு மணிக்குப் போன் எடு. மகனை அம்மாவிடம் கொடு, நீ தள்ளிப் போய்விடு. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, அவன் ஏதாவது செய்து சமாளிக்கட்டும்.

அன்புடன்,
சிவா