நாற்பது மகுடம், நாற்பது நிமிடம்: பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளி நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். ஒன்று, இரண்டாம் வகுப்புகளில் புத்தாண்டை எப்படிக் கொண்டாட வேண்டும் என்று நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை கிடைத்தது. காகித மகுடம், பலூன், பத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவது, ஆளுக்கொரு தீர்மானம், கடைசியில் குழுப்படம். அத்தனையும் ஒரே பாடவேளையில். படம் நண்பகலுக்குள் வந்து சேர வேண்டும். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறோம்: இரண்டு பாடவேளை வேண்டும், சேர்ந்தாற்போல்.

மகுடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆறு வயதுக் குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 51 சென்டிமீட்டர். ஏ4 தாளின் நீளம் 29.7. ஒரு பட்டை போதாது. ஏழு சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு பட்டைகளை இணைக்க வேண்டும். நாற்பது பேருக்கு எண்பது பட்டை. இதை முந்தின நாளே வெட்டி வைத்துவிடலாம், அது எங்கள் பாடு.

வகுப்பில் முதல் வேலை, ஆண்டின் நான்கு இலக்கங்களை எழுதுவது. சும்மா எழுதச் சொன்னால் முதல் இலக்கமே பாதிப் பட்டையை விழுங்கிவிடும், கடைசி இலக்கத்துக்கு இடமிருக்காது. பட்டையை இரண்டு முறை மடித்துப் பிரித்தால் நான்கு கட்டம் கிடைக்கும், கட்டத்துக்கு ஒன்று. அப்படியும் பல பட்டைகளில் 2 கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி நிற்கும். இந்த வயதில் அது இயல்பு. படத்துக்காக அதைத் திருத்தி எழுதவைக்க வேண்டியதில்லை. வண்ணமும் இப்போதே தீட்டியாக வேண்டும். வளைத்து மூடிய பிறகு க்ரேயானை அழுத்தினால் மகுடம் நசுங்கும்.

அடுத்து மூடுவது. பசை காயும்வரை எந்தக் குழந்தையும் காத்திருக்காது, ஆகவே ஸ்டேப்ளர்தான். பின்னின் மடிந்த முனைகள் வெளிப்பக்கம் வர வேண்டும். உள்பக்கம் வந்தால் நெற்றியைக் கீறும், முடியில் சிக்கும். வெளியே வந்த முனைகளின் மீதும் டேப் ஒட்ட வேண்டும். தலையில் சுற்றிப் பார்த்து, அளவைப் பிடித்து, கழற்றி, பின் அடித்து, டேப் ஒட்டி, மறுபடி மாட்டிவிடப் பழகிய கைக்கே ஒரு நிமிடம் ஆகும். ஸ்டேப்ளரை ஆறு வயதுப் பிள்ளைகளிடம் கொடுக்க முடியாது. ஓர் ஆசிரியர், நாற்பது தலை, நாற்பது நிமிடம். பாடவேளை முடிந்தது. முதலில் மாட்டிக்கொண்ட குழந்தையோ அதற்குள் பக்கத்துத் தலையில் பொருத்திப் பார்த்து, கிழித்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் வந்து நிற்கும்.

பலூனை விட்டுவிடுங்கள். எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு மூச்சடைக்கும் அபாயம் உண்டு என்று பல பலூன் உறைகளிலேயே அச்சிட்டிருக்கும். வெடித்த துண்டு வாய்க்குப் போவதற்கு ஒரு நொடி போதும்.

பின்னோக்கி எண்ணுவது நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால் முன்னோக்கி நூறுவரை சொல்லும் குழந்தைகூட ஏழுக்கும் ஆறுக்கும் நடுவில் தடுமாறும். இரண்டு மூன்று நாள் பழகினால்தான் கூட்டாகச் சொல்ல வரும். தீர்மானம் வேறு கதை. ஓராண்டு எவ்வளவு நீளம் என்றே பிடிபடாத வயது. கரும்பலகையில் எழுதிப்போடும் ‘நன்றாகப் படிப்பேன்’ நாற்பது பிரதிகளாகத் திரும்பி வரும். அதற்குப் பதில் ஒவ்வொருவர் உயரத்துக்கும் ஒரு ரிப்பன் வெட்டி, பெயரெழுதிச் சுருட்டி வைக்கலாம். நான்கைந்து மாதம் கழித்துப் பிரித்து நிறுத்தினால் பெரும்பாலோர் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்திருப்பார்கள். காலம் நகர்வது என்றால் என்ன என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும்.

சுற்றறிக்கையில் ‘அனைத்துக் குழந்தைகளும் சிரித்த முகத்துடன்’ என்று ஒரு வரி இருக்கிறது. நாற்பது பேரையும் ஒரே நொடியில் சிரிக்கவைக்கும் முறையை அடுத்த பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்தால் கடமைப்பட்டிருப்போம். கைகழுவும் நாள், மரம் நடும் நாள், புத்தக நாள் என்று எது வந்தாலும் அதே ஒரு பாடவேளை, அதே நண்பகல், அதே படம். எழுதிய தாளை யாரும் கேட்பதில்லை, படத்தைத்தான் கேட்கிறீர்கள். சில சமயம் கொண்டாட்டம் குழந்தைக்கா கேமராவுக்கா என்றே எங்களுக்குக் குழப்பம்.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. தயவுசெய்து இரண்டு பாடவேளை சேர்ந்தாற்போல் ஒதுக்குங்கள். பலூனையும் தீர்மானத்தையும் நீக்குங்கள். படம் மறுநாள் வந்தால் போதும் என்று திருத்துங்கள். இரண்டு பாடவேளைக்கு வழியே இல்லையென்றால் வகுப்புக்கு இன்னொரு ஆசிரியரையும் இன்னொரு ஸ்டேப்ளரையும் அனுப்புங்கள். மகுடமாவது இருபது நிமிடத்தில் முடியும்.

திருத்தம் மூன்று நாள் முன்னதாக வந்தால் நல்லது. எண்பது பட்டை வெட்ட வேண்டியிருக்கிறது.

பணிவுடன்,
ஒன்று, இரண்டாம் வகுப்பு ஆசிரியர்கள்