செசி நம்பரில் கிரைண்டர் வைக்காதீர்கள்: வன்னியில் பழைய மோட்டார் சைக்கிள் கட்டுகிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

பரந்தனில் இருந்து முல்லைத்தீவு வரைக்கும் எந்த ஒழுங்கைக்குள் இறங்கினாலும் இப்போது ஏதாவதொரு முற்றத்தில் பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிள், எம்.டி. 90 ஒன்றோ சி.டி. 200 ஒன்றோ, கழற்றிப் போட்டபடி கிடக்கிறது. கீழே சாக்கு விரித்து, நட்டுகளைப் பால்மாப் பேணிக்குள் போட்டு, பக்கத்தில் போனில் வீடியோவை ஓடவிட்டுக்கொண்டு வேலை செய்கிறீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. புது வண்டி விலை எட்டாத உயரத்துக்குப் போன அந்த வருடங்களில்தான் வீட்டுக் கோடிக்குள் கிடந்த பழசுகளின் பக்கம் நீங்கள் திரும்பினீர்கள். பார்க்க எனக்குச் சந்தோசமாக இருக்கிறது. நானும் உங்களைப்போல ஒருத்திதான். அப்பாவின் எம்.டி. 90ஐ விசுவமடுவில் எங்கள் வீட்டு மாமரத்தடியில் வைத்து, சம்பளத்தில் மிஞ்சிய காசில் இரண்டு வருடமாக மெல்ல மெல்லக் கட்டி ஓட வைத்தவள்.

அந்த உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மட்காட்டை வெட்டுங்கள், விரும்பிய சீற்றைப் போடுங்கள், எந்த நிறமும் அடியுங்கள். செசியில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், கொத்தியிருக்கிற நம்பரில் மட்டும் கிரைண்டர் வைக்காதீர்கள்.

போன மாதம் ஒரு தம்பி வால்வ் சத்தம் போடுகிறது என்று தன் வண்டியைக் கொண்டுவந்தார். பெயின்ற் வேலை அப்படி ஒரு அழகு. நம்பர் இருக்கவேண்டிய இடத்தைத் தடவிப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி வழுவழுவென்றிருந்தது. “அதில கறள் குழி குழியா இருந்ததக்கா, பட்டி வச்சு நிரப்பித் தேய்ச்சுவிட்டனாங்கள்” என்றார். அவர் கள்ளம் செய்யவில்லை. பழைய இரும்புக் கடையில் நிறுத்து வாங்கிய செசி அது. யாருடையது என்று அவருக்குத் தெரியாது. இனி யாருக்குமே தெரியவராது. அன்றிரவு நித்திரை வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எம்.டி. 90 என்கிற இந்தச் சிவப்பு வண்டிகள் ஜப்பானில் தபால்காரர் ஓட்டியவை. 89 சிசி, ஒற்றைச் சிலிண்டர், மூன்று கியர், கிளச் பிடிக்கத் தேவையில்லை. அங்கே ஓட்டிக் கழித்த பிறகு கப்பலேறி இங்கே வந்தன. 1990இல் போரோடு அரசின் பொருளாதாரத் தடை விழுந்தபோது பெற்றோலும் பற்றரியும் உதிரிச் சாமான்களும் வன்னிக்குள் வராமல் போயின. வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. உங்களில் பலருக்கு இது கதை. எஞ்சினைத் திறந்தால் அது கதை இல்லை என்று கண்ணுக்குத் தெரியும்.

குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஒழுங்காக ஆவியாகாது. ஆகவே காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு உதைப்பார்கள். எஞ்சின் சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்பது. ஏற்றத்தில் எஞ்சின் இடிக்கும். அந்த இடி குறையட்டும் என்று அப்பா சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே இன்னொரு பெக்கிங், அதாவது இடையில் வைத்து இறுக்குகிற மெல்லிய தகடு, வைத்து அமுக்கத்தைக் குறைத்திருந்தார். அதோடும் முடியாது. எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்ஸைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். தண்ணி ஒயில் சிலிண்டரையும் பெயாரிங்கையும் தின்னும். 2002 ஏப்ரலில் யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 பாதை திறந்து பெற்றோல் தாராளமாக வந்த பிறகுதான் அந்த இரண்டாவது பெக்கிங்கைக் கழற்றினார். 2006 ஓகஸ்ட்டில் பாதை பூட்டியதும் திரும்பப் போட்டார். நான் ஹெட்டைத் தூக்கியபோது அது அப்படியே இருந்தது, கரி பிடித்து, விளிம்பில் அப்பா கத்தரியால் வெட்டிய தடத்தோடு. அதை எறியவில்லை.

வண்டியில் இன்னொரு ஒட்டும் இருக்கிறது. இடப்பெயர்வில் இரண்டு மூட்டை நெல் ஏற்ற வேண்டுமென்று பின் கரியருக்குக் கீழே ஒரு இரும்புச் சட்டத்தை அப்பா வெல்டிங் பிடித்தார். வேலை கரடுமுரடானதுதான். நீங்கள் இப்போது வண்டியை உருமாற்றுகிறீர்களே, அதை அந்தக் காலத்து வன்னி ஆட்கள் உயிர் பிழைக்கச் செய்தார்கள். பழைய வண்டியில் அப்படி ஒரு ஒட்டைக் கண்டால் வெட்டும் முன் ஒரு தரம் யோசியுங்கள்.

2009 ஏப்ரலில், போரின் கடைசி நாட்களில், வலைஞர்மடத்தில் வண்டியை விட்டுவிட்டு நடந்தோம். ராங்கியில் ஒன்றும் இல்லை, தள்ளவும் வழியில்லை. அப்பா வண்டியின் பதிவுப் புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டினார். புத்தகம் தொலைந்தாலும் என்று, என் அடையாள அட்டை இலக்கத்தோடு செசி நம்பரையும் எனக்குப் பாடமாக்கினார். பங்கருக்குள் இருந்து வாய்ப்பாடு சொல்லுகிற மாதிரிச் சொல்லியிருக்கிறேன். இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்து ஊருக்குத் திரும்பிய பிறகு, கைவிட்ட வண்டிகளைக் குவித்திருந்த ஒரு வெளியில் தங்கள் வண்டியைத் தேடிப் பார்க்கலாம் என்று அறிந்து அப்பாவும் நானும் போனோம். எல்லாமே ஒரே கறள் நிறம். ரயர் இல்லை, சீற் இல்லை, வயர் இல்லை, இலக்கத் தகடும் இல்லை. அப்பா ஒவ்வொன்றாகக் குனிந்து மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து நம்பரை வாசிக்க, நான் மனதில் இருந்ததோடு ஒப்பிட்டேன். மத்தியானம் கடந்து ஒன்று பொருந்தியது. கடைசி இலக்கத்தை நான் சொல்லி முடிக்க முதல் அப்பா அந்தச் செசியின் மேலே உட்கார்ந்துவிட்டார். லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அதை ஓட வைக்க அப்பாவுக்கு ஆயுள் போதவில்லை.

இறுகிப்போன பிஸ்ரனை இளக்க, பிளக் துவாரத்தால் மண்ணெண்ணெயும் ஒயிலும் கலந்து விட்டு மூன்று கிழமை காத்திருந்தேன். பிறகு மரக்கட்டை வைத்துத் தட்ட அசைந்தது. 50 மில்லிமீற்றர் சிலிண்டரைக் கிளிநொச்சியில் லேத்தில் கொடுத்து 50.50க்குக் குடைந்து புதுப் பிஸ்ரன் போட்டேன். வால்வ் இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் 0.05 மில்லிமீற்றர். இதைக் கண்மதிப்பில் வைக்காதீர்கள், இடைவெளி அளக்கிற பீலர் தகடு வாங்குங்கள், விலை பெரிதில்லை. கிளச் மூடிக்குள் இருக்கிற ஒயில் வலையைக் கழுவ மறக்கிறவர்கள் அதிகம். புது எஞ்சின் கட்டி அந்த வலையில் பழைய சேற்றோடு ஓட்டினால், செலவழித்த காசு ஒரு வருடத்தில் கரைந்துவிடும்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து கியூ.ஆர். குறியீட்டைக் காட்டிப் பங்கீடாகப் பெற்றோல் அடிக்கிற முறை தொடங்கியபோது, பதிவதற்கு வண்டி இலக்கத்தோடு செசி நம்பரையும் கேட்டார்கள். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். பாடமாக்கிய நம்பரை நான் போனில் அடித்தேன். அந்த நம்பர் இல்லாதவர்கள் பெற்றோல் செற்றில் இருந்து திரும்பிப் போனதையும் பார்த்தேன். செசி நம்பரை அழிப்பது சட்டப்படி குற்றம், எஞ்சினையோ நிறத்தையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் புத்தகத்தில் ஏற்றவேண்டும். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் எழுத வந்தது பொலிசுக்குப் பயந்து அல்ல.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அங்கே போய்வருகிற அம்மா ஒருவரை எனக்குத் தெரியும். மகனின் படத்தோடு அவன் ஓடிய வண்டிப் புத்தகத்தின் போட்டோப் பிரதியையும் மடித்து வைத்திருக்கிறார். மகன் கடைசியாக அந்த வண்டியில்தான் வெளிக்கிட்டவனாம். நான் பழைய சாமான் தேடித் திரிகிறேன் என்று அறிந்து, “சிவப்புச் சைக்கிள் எதைக் கண்டாலும் நம்பரை ஒருக்காப் பார் பிள்ளை” என்று கேட்டார். வண்டி கிடைத்தால் அது எந்த இடத்தில் கிடந்தது என்று கேட்கலாம், யார் எடுத்தது என்று கேட்கலாம். அந்த அம்மாவிடம் கேள்வி கேட்க மிஞ்சியிருக்கிற ஒரே நூல் அதுதான். நீங்கள் பட்டி பூசித் தேய்த்த இடத்தில் அவருடைய நம்பர் இருந்திருக்காது என்று யாரால் சொல்ல முடியும்?

பழைய இரும்புக் கடையில் செசி வாங்கினால் முதலில் நம்பரைத் தேடுங்கள். இடம் வண்டிக்கு வண்டி மாறும். கம்பித் தூரிகையால் உரசாதீர்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியும் பழைய பல் தூரிகையும் போதும். இருட்டிய பிறகு ரோச் லைற்றைப் பக்கவாட்டில் பிடியுங்கள், பகலில் தெரியாத இலக்கம் நிழலில் எழும்பும். பெயின்ற் அடிக்கும்போது அந்த இடத்தை ரேப்பால் மூடிவிட்டு, பிறகு மெல்லிய நிறமில்லாத வானிஷ் ஒரு பூச்சு கொடுங்கள், கறள் ஏறாது. ஒரு செசியின் நம்பரை வெட்டி இன்னொன்றில் ஒட்டச் சொல்லி யார் காசு தந்தாலும் செய்யாதீர்கள். வாங்கிய செசிக்குப் புத்தகம் இல்லையென்றால், வெட்டும் முன் ஊரில் நாலு பெரியவர்களிடம் நம்பரைக் காட்டி விசாரியுங்கள். இன்னொன்று, சாமான் தேடிக் காட்டோரம் போகாதீர்கள். கண்ணிவெடி அகற்றாத நிலம் இன்னும் இருக்கிறது.

நம்பருக்கு மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சரித்து மெதுவாகத் தேயுங்கள். இலக்கங்கள் வெள்ளையாகத் தாளில் விழும். திகதி போட்டு, எங்கே வாங்கியது என்றும் எழுதி வையுங்கள். தேய்மானத்தால் வாசிக்க முடியாத செசி இருந்தால் விசுவமடுவுக்குக் கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமரத்தடியில்தான் நிற்பேன், ரோச் லைற்றும் தாளும் என்னிடம் இருக்கிறது. அந்த அம்மாவின் போட்டோப் பிரதியில் உள்ள நம்பரையும் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா ஒருத்தி
விசுவமடு