ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கோடைக்கால நலக் குறிப்புகளில் ஒரு வரி: “வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கவும்.” ஓ.ஆர்.எஸ். என்பது போக்கில் உடம்பு இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்டக் கரைத்துக் குடிக்கும் உப்பு-குளுக்கோஸ் பொடி. ஒரு வரிதானே என்று விட்டுவிட முடியவில்லை. அந்தப் பக்கத்தை யாரோ வெட்டி எங்கள் ஊர் அங்கன்வாடிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். பத்திரிகையில் அச்சானது என்றால் எங்கள் தாய்மார்களுக்கு அது வேதவாக்கு. உங்களுக்கும் இது தெரியும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. உள்ளே இருப்பது 20.5 கிராம் பொடி: குளுக்கோஸ் 13.5, சாதா உப்பு 2.6, சிட்ரேட் உப்பு 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5. இந்த எடைகள் சும்மா வைத்தவை இல்லை. குடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் ஒன்றையொன்று கைப்பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழையும்; அவற்றின் பின்னால் தண்ணீர் போகும். காலராவில்கூட அந்த வாசல் அடைபடுவதில்லை. எடையில் இல்லாவிட்டாலும் துகள்களின் எண்ணிக்கையில் இரண்டும் சரிசமமாக இருக்க வேண்டும், கரைசல் ரத்தத்தைவிடச் சற்று நீர்த்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கணக்கு.

அதே பொடியை 200 மி.லி. டம்ளரில் கொட்டினால் ஐந்து மடங்குச் செறிவு. அப்போது குடல் தண்ணீரை உறிஞ்சாது. உடம்பில் மிச்சமிருக்கும் தண்ணீரையும் தன் பக்கம் இழுக்கும். போக்கு கூடும். ரத்தத்தில் உப்பு ஏறும். குழந்தை தாகத்தில் தவிக்கும், நைநையென்று அழும், முற்றினால் வலிப்பு வரும். மருந்து கொடுத்தும் நிற்கவில்லையே என்று அம்மா இன்னொரு பாக்கெட்டைப் பிரிப்பாள். உங்கள் ஒரு வரி அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது.

கடைகளில் 200 மி.லி. தண்ணீருக்கென்றே 4 கிராம் அளவில் சிறு பாக்கெட்டும் உண்டு. கட்டுரை எழுதியவர் அதை மனதில் வைத்து எழுதியிருக்கலாம். அப்படியானால் எந்தப் பாக்கெட் என்று சொல்லியிருக்க வேண்டாமா? எத்தனை தண்ணீர் என்பது ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் அச்சடித்திருக்கிறது. “பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைப் படியுங்கள்” என்று எழுத எவ்வளவு இடம் பிடித்துவிடும்!

இது முதல் முறை என்றால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். முன்பு ஒரு முறை வாந்தி பேதிக்குக் குளுக்கோஸ் பொடி கரைத்துக் கொடுக்கலாம் என்று போட்டீர்கள். அதில் உப்பு இல்லை. உப்பில்லாத இனிப்புத் தண்ணீர் பேதியைக் கூட்டத்தான் செய்யும். இன்னொரு முறை ஓ.ஆர்.எஸ். பற்றிய கட்டுரைக்குப் பக்கத்திலேயே அட்டைப்பெட்டிப் பழச்சுவைப் பானத்தின் படம். அந்த வகைப் பானங்களில் சர்க்கரை பல மடங்கு. அவற்றின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளே இருக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டதை நீங்களும் செய்தியாக வெளியிட்டிருப்பீர்கள். தீக்காயத்துக்குப் பற்பசை தடவச் சொன்னதும் இதே பக்கம்தான். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவதற்கு மேலான முதலுதவி அதற்குக் கிடையாது; பற்பசை சூட்டை உள்ளேயே அடக்கிவிடும், டாக்டர் புண்ணைப் பார்க்கவும் முடியாது. மூன்று முறையும் கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

“ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கை சர்க்கரை” என்ற வீட்டு முறையும் அடிக்கடி வருகிறது. சிட்டிகை ஆளுக்கு ஆள் மாறும். பாக்கெட் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டருக்கு 5 மி.லி. தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. குவித்து எடுக்கக் கூடாது. கத்தியின் முதுகால் விளிம்போடு வழித்துவிட வேண்டும். உப்பைக் குவித்து அள்ளினால் அளவு இரட்டிப்பாகிவிடும். கலந்ததும் முதலில் பெரியவர் ஒரு வாய் குடித்துப் பார்க்க வேண்டும். கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் கீழே ஊற்றிவிட்டு மறுபடி கலக்க வேண்டும்.

லிட்டர் அளக்கத் தெரியாத வீடு இன்று இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கழுவி, கொதித்து ஆறிய நீரைக் கழுத்துவரை நிரப்பி, பாத்திரத்தில் ஊற்றி, முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் போட்டுக் கரைக்கலாம். பாதிப் பொடியை மடித்து வைத்தால் உப்பும் குளுக்கோஸும் ஒரே அளவில் பிரியாது. பாலிலோ ஜூஸிலோ கலக்கக் கூடாது. கலந்த பிறகு சுட வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மி.லி.; அதற்கு மேல் பத்து வயதுவரை 100 முதல் 200. மடமடவென்று புகட்டினால் வாந்திதான் வரும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாகத் தொடங்க வேண்டும். தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தக் கூடாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் துத்தநாக மாத்திரை தினம் 20 மி.கி., போக்கு நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். கண் குழிவிழுந்தால், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெல்லத்தான் படிந்தால், பிள்ளை துவண்டு குடிக்க மறுத்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.

1971-ல் மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, சலைன் பாட்டில் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் இதே போன்ற உப்பு-குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்துத்தான் 30 விழுக்காட்டை எட்டிய சாவை 4-க்கும் கீழே இறக்கினார். பயிற்சி இல்லாத உறவினர்களே எடுத்துக் கொடுத்தார்கள். அளவு சரியாக இருந்ததால்தான் அது நடந்தது.

நான் கேட்பது அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம்: “பெரிய பாக்கெட் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர்.” அங்கன்வாடிச் சுவரில் அதை நானே ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிராம சுகாதாரச் செவிலியர்,
திருவாரூர் மாவட்டம்.