அலங்கார மிளகாய் நஞ்சில்லை, தெளித்த மருந்தைக் கேளுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் வீட்டுத்தோட்டப் பக்கத்தில் பல்கனியில் வைக்கக்கூடிய செடிகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் அலங்கார மிளகாய்ப் படத்துக்குக் கீழே, "காய்கள் நஞ்சு, உண்ணக் கூடாது" என்று ஒரு வரி. அந்த வரியால் எங்கள் தொடர்மாடியில் ஒரு செடி குப்பை வாளிக்குப் போய்விட்டது. இரண்டாம் மாடியில் கைக்குழந்தையோடு இருக்கும் பிள்ளை பேப்பரையும் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "அன்ரி, நீங்கள் தந்தது விஷமாமே" என்றாள். நான் விளங்கப்படுத்திவிட்டுக் கீழே இறங்கிப் பார்த்தபோது சட்டி மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அதில் காய் பிடித்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அலங்கார மிளகாய் என்று தனியாக ஒரு சாதி கிடையாது. பெரும்பாலானவை நாம் சம்பலுக்குப் போடும் பச்சை மிளகாயும் கறி மிளகாயும் சேர்ந்த அதே கப்சிகம் அன்னுவம் (Capsicum annuum என்பது தாவரவியல் பெயர்) இனம்தான். செடி குட்டையாக, பற்றையாக வரவேண்டும், காய்கள் கீழே தொங்காமல் வானத்தைப் பார்த்து நிற்கவேண்டும், ஒரே நேரத்தில் பல நிறம் காட்டவேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுத்து வளர்த்ததால் வந்த வடிவு அது. ஐரோப்பாவுக்கு மிளகாய் முதலில் போனபோதும் அங்கே பலர் அதை ஒரு புதினச் செடியாகத்தான் தோட்டத்தில் வைத்திருந்தார்கள். குளிர் நாடுகளில் இப்போதும் டிசம்பரில் கிறிஸ்மஸ் மிளகாய் என்று சட்டியோடு விற்கிறார்கள்.

அப்படியென்றால் இந்த நஞ்சுக் கதை எங்கிருந்து வந்தது? எனக்குத் தெரிந்து இரண்டு காரணம். ஒன்று, ஜெருசலேம் செரி என்றொரு சட்டிச்செடி. அதுவும் கத்தரி, மிளகாய்க் குடும்பம்தான், பூவும் வெள்ளை, காயும் செம்மஞ்சளில் உருண்டையாகப் பளபளக்கும். அது உண்மையிலேயே நஞ்சு. உருண்டைக் காய் காய்க்கும் அலங்கார மிளகாயைப் பக்கத்தில் வைத்தால் யாரும் தடுமாறுவார்கள். சந்தேகம் வந்தால் ஒரு காயைக் கத்தியால் பிளந்து பாருங்கள். மிளகாய் என்றால் உள்ளே வெறுமையாக இருக்கும், நடுவில் வெள்ளைத் தண்டு, அதைச் சுற்றி விதை. மற்றது குட்டித் தக்காளி மாதிரி உள்ளே சதையும் சாறுமாக இருக்கும்.

இரண்டாவது காரணம்தான் பெரியது, கட்டுரையில் அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. நாற்றுப்பண்ணையில் பூச்செடியாக விற்பதற்கு வளர்க்கும்போது சாப்பாட்டுப் பயிருக்குத் தெளிக்கக் கூடாத மருந்தையும் தெளித்திருக்கலாம். சில பீடைகொல்லிகள் இலைக்கு மேலே படிந்து நிற்பதில்லை, செடிக்குள்ளேயே ஊறிப் போய்விடும். அதைக் கழுவினாலும் போகாது. நான் முதல் செடி வாங்கியது பத்தரமுல்லைப் பக்கம் ஒரு சின்னக் கடையில். "இதைச் சாப்பிடலாமா, என்ன மருந்து அடித்தீர்கள்?" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். கடைக்காரப் பொடியன் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, "பார்க்கத்தான் மிஸ்" என்றான். பெயர் கேட்டதற்கு "கலர் மிரிஸ்", அதாவது கலர் மிளகாய், என்றான். அதற்கு மேல் அவனுக்கும் தெரியாது. அவனைக் குறை சொல்லி என்ன, சட்டியில் ஒரு துண்டுச் சீட்டாவது ஒட்டியிருந்தால்தானே அவனும் வாசித்திருப்பான்.

சரி, அந்தச் செடியை நான் என்ன செய்தேன்? முதலில் வந்த காய் ஒன்றையும் வாயில் வைக்கவில்லை. வடிவு பார்த்தேன், பழுக்கவிட்டேன், விதை எடுத்தேன். அந்த விதையைத் தும்புத்தூளும் கொம்போஸ்டும் கலந்து போட்டால் எங்கள் வெக்கைக்குப் பத்து நாளில் முளை வந்துவிடும். அதில் வரும் செடிக்கு என்ன தெளித்தோம், என்ன தெளிக்கவில்லை என்பது நமக்கே தெரியும். அதன் காயைத் தாராளமாகச் சாப்பிடலாம். நான் நான்கு வருடமாகச் சாப்பிடுகிறேன்.

என் செடியின் காய் முதலில் கத்தரிக்காய் ஊதா. பிறகு ஒரு பக்கம் வெளுத்துப் பால் மஞ்சளாகும், அது செம்மஞ்சளாகி, கடைசியில் நல்ல இரத்தச் சிவப்பு. ஒரு செடியில் இந்த நான்கும் ஒரே நேரத்தில் நிற்கும், அதுவும் ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனி அளவில். காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு அதற்கு முன்னால் நின்றால் எனக்கு நேரம் போவது தெரியாது. ஊதா நிறத்துக்கு வெயில் வேண்டும். நிழலில் வைத்த என் செடி ஒன்று இலையெல்லாம் வெறும் பச்சையாகிப் போனது, வெயிலுக்கு மாற்றியதும் புதுத் துளிர் கறுப்பு ஊதாவாக வந்தது. பிளாக் பேர்ள் என்றொரு வகை இருக்கிறது, அமெரிக்க விவசாயத் திணைக்களத்தார் உருவாக்கியது, 2006இல் அங்கே விருதும் வாங்கியது. இலை ஏறக்குறையக் கறுப்பு, காய் கறுத்த முத்து மாதிரி இருந்து சிவக்கும். படத்தில் பார்த்துத்தான் ஏங்குகிறேன்.

உருசியைப் பற்றியும் சொல்லவேண்டும். அலங்கார மிளகாயில் உருசி இல்லை, வெறும் உறைப்புத்தான் என்பார்கள். பாதி சரி. வடிவைப் பார்த்துத் தெரிந்தெடுத்தவர்கள் உருசியைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம். சங்ரியா போன்ற சில வகைகளில் உறைப்பே கிடையாது. என்னுடையதை ஊதாவாக இருக்கும்போது கடித்தால் பச்சைப் புல் வாசம்தான் முதலில், கொஞ்சம் கசப்பு, பிறகு தொண்டையடியில் நெருப்பு. அதே காய் நன்றாகச் சிவந்ததும் ஒரு இனிப்பு வந்துவிடுகிறது, உறைப்பும் நாக்கு நுனியிலேயே பிடிக்கிறது. அதனால் ஊதாவை வினாகிரியில் ஊறப் போடுவேன், வினாகிரி இளஞ்சிவப்பாக மாறும், மேசையில் வைத்தால் வருகிறவர்கள் கேட்பார்கள். சிவந்ததைச் சின்ன வெங்காயமும் உப்பும் தேசிக்காயும் சேர்த்து இடித்துக் கட்டைச் சம்பல். ஊதாவைக் கறியில் போட்டுப் பிரயோசனமில்லை, கொதித்தால் நிறம் ஓடி மங்கல் பச்சையாகிவிடும். உறைப்பு விதையில் இருக்கிறதென்று எல்லாரும் சொல்வோம், உண்மையில் அது விதை ஒட்டியிருக்கும் அந்த வெள்ளைத் தண்டில்தான். அதை வழித்தெடுத்தால் உறைப்பு நன்றாகக் குறையும். உறைத்தால் தண்ணீர் குடிக்காதீர்கள், உறைப்பு கொழுப்பில் கரைகிற சாமான். தயிரோ தேங்காய்ப்பால் சொதியோ ஒரு கரண்டி போதும்.

கொழும்பில் வளர்ப்பவர்களுக்கு ஒன்றிரண்டு. கடற்கரைப் பக்கம் இருக்கும் எங்களுக்குத் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் உப்புப் பட்டு இலை விளிம்பு கருகும், அந்த மாதங்களில் சட்டியைச் சுவரோரம் இழுத்துவிடுங்கள். ஒக்டோபர், நவம்பர் மழைக்குச் சட்டியில் தண்ணீர் தேங்கினால் ஒரே கிழமையில் வேர் அழுகிவிடும். இலை சுருண்டால் அடியில் திருப்பிப் பாருங்கள், கண்ணுக்கு இலேசில் தெரியாத சிலந்திப்பூச்சியோ இலைப்பேனோ இருக்கும். நான் வேப்பெண்ணெயும் சவர்க்காரத் தண்ணீரும் பின்னேரத்தில் அடிப்பேன், சில நேரம் கேட்கும், சில நேரம் கேட்காது. யூரியா அள்ளிப் போட்டால் இலைதான் வரும், பூ வராது. இங்கே பனிக்காலம் இல்லாததால் காய்த்து ஓய்ந்த செடியை அரைவாசிக்கு வெட்டிவிட்டால் திரும்பத் துளிர்க்கும். என் செடி ஒன்றுக்கு மூன்று வயது. கிளிகளைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. பறவைக்கு உறைப்புத் தெரியாது. சிவந்ததாகப் பார்த்துக் கொத்திக்கொண்டு போகின்றன.

இரண்டாம் மாடிப் பிள்ளையின் பயத்தையும் நான் தட்டிக்கழிக்கவில்லை. தவழ்கிற குழந்தைக்கு அந்த நிறம் இனிப்பு மாதிரித்தான் தெரியும். கடித்துவிட்டு அதே கையால் கண்ணைக் கசக்கினால் வீடு இரண்டுபடும். குழந்தை இருக்கும் வீட்டில் செடியை உயரத்தில் வைக்கவேண்டும், அதை நான் கொடுக்கும்போதே சொல்லியிருக்கவேண்டும். சொல்லாதது என் பிழை.

உங்களிடம் கேட்பது இரண்டு. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அலங்கார மிளகாய் நஞ்சில்லை, கடையில் வாங்கிய செடியின் காயை மட்டும் மருந்து விபரம் தெரியாமல் சாப்பிடாதீர்கள் என்று ஒரு திருத்தம் போடுங்கள். மற்றது, செடி விற்பவர்களிடம் உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி, வகையின் பெயரும் தெளித்த மருந்தும் எழுதிய ஒரு சீட்டைச் சட்டியில் குத்த என்ன தடை என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். 1980ஆம் ஆண்டிலிருந்து பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிற நாடு இது. மருந்துப் போத்தலில் இருக்கிற விபரத்தில் இரண்டு வரி செடி வாங்குகிறவரிடமும் வந்து சேரட்டும்.

கட்டுரை எழுதியவருக்கு விதை வேண்டுமென்றால் ஒரு பொட்டலம் உங்கள் அலுவலகத்தில் கொண்டுவந்து தருவேன். ஆனால் போன வருடம் பக்கத்தில் பச்சை மிளகாய்ச் சட்டியும் இருந்தது, தேனீயும் வந்து போனது, மகரந்தம் கலந்திருக்கலாம். ஊதாவை எதிர்பார்த்துப் பச்சை முளைத்தால் அதற்கும் ஒரு கட்டுரை எழுதிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6